பூஜ்யம் நம்பர் வீட்டில் ஆள் இருக்கு

மாமனாருக்குக் காது கேட்க ஆரம்பித்ததிலிருந்துதான் அந்த வீட்டில் நிம்மதி போயிற்று. அதற்கு முன்னால் மனுஷர் இருக்கிற இடம் தெரியாது. கூடத்து ஜன்னலோரம் ஒரு நாற்காலி, கையில் பேப்பர், யார் எதைச் சொன்னாலும் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான் அவர். வாலிபத்திலிருந்து மரம் அறுக்கும் மில்லில் ரம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவர். ரம்பம் மரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் அவர் காதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. மகளும் மருமகனும் ஆரம்பத்தில் கத்திப் பார்த்தார்கள், கையைக் காலை ஆட்டிப் பார்த்தார்கள். பிறகு, செவிடன் காதில் ஊதிய சங்குதானே என்று விட்டுவிட்டார்கள்.

இந்த நிம்மதியில் கல்லைத் தூக்கிப் போட்டது வீட்டு மாப்பிள்ளையேதான். அவன் வேலை பார்ப்பது காதுக்கருவி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். கருவிக்குள் கடுகளவு ஒரு சிப். அந்தச் சிப்புக்கான புரோகிராமை அங்கேயே உருவாக்கிய ஒரு மொழியில்தான் எழுதுவார்கள். மனுஷர் எழுதுவதைச் சிப்புக்குப் புரியும் எண்களாக மாற்றித் தருவதற்குக் கம்பைலர் என்று பெயர். அந்தக் கம்பைலரை எழுதியவன் நம்முடைய மாப்பிள்ளை. ஆபீசில் அவனையே கம்பைலர் என்றுதான் கூப்பிடுவார்கள். "கம்பைலர் டீ குடிக்கப் போயிருக்கு" என்பார்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தப் பெருமைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. "ஊர் உலகமெல்லாம் கம்பைலரைக் கடையில வாங்குது. நாம மட்டும் எதுக்குப்பா வீட்லயே செஞ்சுக்கிட்டு இருக்கோம்?" என்று முதலாளி கேட்க ஆரம்பித்துவிட்டார். வெள்ளிக்கிழமை கம்பெனியில் பணம் போட்ட கூட்டாளிகள் புதுக் கருவியைப் பார்க்க வருகிறார்கள். கருவி ஒழுங்காக வேலை செய்தால் கம்பைலர் பிழைக்கும். இல்லாவிட்டால் வெளியில் வாங்கிவிடுவார்கள். வாங்கிவிட்டால் எழுதியவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஊறுகாயா போடுவது? இதை அவன் மனைவியிடம் சொல்லவில்லை. பால்கனியில் நின்று ஒரு சிநேகிதனிடம் போனில் முணுமுணுத்ததோடு சரி.

ஆபீசில் கருவி எல்லாப் பரீட்சையிலும் தேறிவிட்டது. ஒரு நிஜமான வீட்டில், நிஜமான காதில் சில நாள் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளைக்கு நிஜமான காது தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லை. வீட்டிலேயே இருந்தது.

மாட்டிய மறுநாள் காலை அடுப்படியில் நின்றுகொண்டு மனைவி தனக்குள் சொல்லிக்கொண்டாள்: "விடிஞ்சதுலேருந்து அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கல. பேப்பரைப் படிக்கிறாரா, தலைகீழா பிடிச்சுக்கிட்டு தூங்குறாரா, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்."

கூடத்திலிருந்து குரல் வந்தது. "பேப்பர் நேராத்தாம்மா இருக்கு."

அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. ஓடிப்போய் அப்பாவின் எதிரே நின்றாள். "அப்பா, நல்லா கேக்குதாப்பா?"

"என்னது?"

"கேக்குதான்னு கேட்டேன்."

"வாயைத் திறந்து பேசும்மா. முணுமுணுத்தா எப்படிக் கேக்கும்."

அவள் திரும்பி வந்து அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, புருஷனின் காதுக்குள் கிசுகிசுத்தாள். "நடிக்கிறாருங்க."

"நான் எதுக்கு நடிக்கணும்?" என்றார் மாமனார், கூடத்திலிருந்து.

அப்படித்தான் அந்தக் கருவி வேலை செய்தது. எதிரே உட்கார்ந்து பேசினால் ஒரு எழுத்து ஏறாது. அடுத்த அறையில் பெருமூச்சு விட்டால் போதும், என்ன கவலை என்று கேட்பார். ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு வைத்திருந்தார்கள். அதை எந்தப் பக்கம் திருகினாலும் மயிரளவு வித்தியாசம் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்த மனுஷருக்குத் திடீரென்று உலக விவகாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர் பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்டதும் தெரியும், அது எதற்காக என்பதும் தெரியும். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்துவிட்டது.

ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து கடைசியில் வீட்டுக்குள்ளேயே வந்தது. ஒருநாள் மனைவி படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தங்கைக்குப் போன் செய்தாள். "ஒரு ஆறு மாசம் அப்பாவை நீ வச்சுக்கோயேன்டி. எனக்கும் கொஞ்சம் மூச்சு விடணும் போல இருக்கு" என்றாள். சொல்லி முடிக்கவில்லை, கூடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. "ஆறு மாசம் வேண்டாம்மா, மூணு போதும். சின்னவ வீட்ல படி ஜாஸ்தி." குரலில் கோபம் கிடையாது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்று முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள்.

மாப்பிள்ளை காலண்டரைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை கூட்டாளிகள் மாமனாரை நேரில் உட்காரவைத்துப் பேசப்போகிறார்கள். எதிரே இருப்பவர் பேசுவது கேட்காமல் மாடியில் இருப்பவர் பேசுவது மட்டும் கேட்கிற கருவியை எவன் வாங்குவான்? கருவியைக் கழற்றிக் கொடுங்கள் என்று கேட்கலாமென்று அவர் முன்னால் போய் நின்றான்.

"மாமா, அதைக் கொஞ்சம் கழட்டிக் கொடுங்க. சரிபண்ணணும்."

"என்ன மாப்பிள்ளை?"

மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, படுக்கையறைக்குள் போய், துணி அலமாரியைத் திறந்து, தொங்குகிற சட்டைகளிடம் மெதுவாகச் சொன்னான். "மாமா, கருவி வேணும்."

"எதுக்கு?" என்றது கூடம். "நல்லா ஓடுற மெஷின்ல கை வைக்காதேன்னு மில்லுல சொல்லுவோம். இது ஜோரா ஓடுது. விட்ருங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுவே வழக்கமாகிவிட்டது. மாமனாரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அலமாரியிடம் போய்ச் சொல்வார்கள். அவர் கூடத்திலிருந்து பதில் சொல்வார். வெளியாள் யாராவது பார்த்திருந்தால் குடும்பத்தோடு டாக்டரிடம் அனுப்பியிருப்பார்கள்.

கருவியைத்தான் கொடுக்கவில்லையே தவிர மாமனாருக்கு மாப்பிள்ளைமேல் பரிவு உண்டு. அன்று சாயங்காலம் அவனைக் கையைக் காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டார். மகளுக்குக் கேட்கக்கூடாது என்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ரகசியம் பேசினார். காது கேட்காதவர் ரகசியம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தெருமுனை வரை கேட்டது.

"வெள்ளிக்கிழமை வேலை போயிடும்னு பால்கனியில சொல்லிட்டிருந்தீங்களே. பயப்படாதீங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விடலை."

அடுப்படியில் தண்ணீர்க் குழாய் நின்றது. அதற்குப் பிறகு அங்கே நடந்ததை எழுதினால் குடும்ப மானம் போகும். "மாடிக்காரர் விவகாரம் எல்லாம் எனக்குத் தெரியுது, கட்டின புருஷன் விவகாரம் தெரியல" என்று மனைவி ஆரம்பித்தது மட்டும் போதும். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் 'சவுண்டு' மேசைக்குப் போனான். காதுக்கருவியின் ஒலிப் புரோகிராமை எழுதுகிறவள் அவள். வேலையும் சவுண்டு, குரலும் சவுண்டு, அதனால் பெயரும் அதுவே நிலைத்துவிட்டது.

"உன் புரோகிராம் கோளாறு" என்றான்.

"உன் கம்பைலர் கோளாறு" என்றாள் அவள், விஷயம் என்னவென்று கேட்பதற்கு முன்பே.

ஆபீசில் இருந்த இன்னொரு கருவியைப் பிரித்து மேசைமேல் போட்டு, மத்தியானம் வரை சண்டை போட்டுக்கொண்டே தேடினார்கள். கடைசியில் ரெண்டு பேருமே சொன்னது சரியாகப் போயிற்று. அதைப்போல எரிச்சல் வேறு கிடையாது.

விஷயம் இதுதான். சிப்பின் நினைவகத்தை ஒரு நீளமான தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு நம்பர் உண்டு. பாயிண்டர் என்பது ஒரு வீட்டு நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு. சில சமயம் அந்தச் சீட்டில் 'யாருமில்லை' என்று எழுத வேண்டிவரும். சிப்புக்கு எண்ணைத் தவிர வேறு எழுத்து தெரியாது. அதனால் யாருமில்லை என்பதற்கும் ஒரு நம்பர் கொடுத்தாக வேண்டும். இதைத்தான் நல் பாயிண்டர் என்பார்கள். பெயரைப் பார்த்து நல்லது என்று நினைத்து ஏமாந்துவிட வேண்டாம், இதைவிடப் பொல்லாத ஒன்றைக் கம்ப்யூட்டர்காரர்கள் கண்டதில்லை. மாப்பிள்ளை அதற்குப் பூஜ்யத்தைக் கொடுத்திருந்தான். முக்கால்வாசிப் பேர் செய்வதுதான். பழைய சிப்பில் பூஜ்யம் நம்பர் வீடு பூட்டிக் கிடந்தது, ஒரு தொல்லையும் இல்லை. புதுச் சிப்பைச் செய்த புண்ணியவான் அந்த வீட்டில் ஒருவரைக் குடிவைத்துவிட்டான். காதில் விழும் ஒலியின் அளவு அந்த வீட்டில்தான் இருந்தது.

சவுண்டின் புரோகிராம், பக்கத்தில் பேசுவது யார் என்று தேடும். யாரும் இல்லையென்றால் 'யாருமில்லை' என்ற சீட்டு வரும். அப்படி வந்தால் சும்மா இருக்க வேண்டும் என்று அவள் எழுத மறந்துவிட்டாள். அதனால் கருவி, 'பேசுகிறவர் குரல் ரொம்பச் சன்னமாக இருக்கிறதே, ஏற்று' என்று அந்தச் சீட்டில் உள்ள வீட்டுக்கே போய் ஒலியை உச்சிக்கு ஏற்றிவிடும். பக்கத்தில் யாராவது வாயைத் திறந்தால் சிப்பே காதைக் காப்பாற்ற ஒலியைத் தாழ்த்திவிடும். பிறகு திருகு சொல்லும் அளவுக்கு அதை உயர்த்த வேண்டும். உயர்த்தப் போகிற புரோகிராம் முறையாகப் பூஜ்யம் நம்பர் வீட்டுச் சீட்டோடு போய் நிற்கும். அந்த இடத்தில் மட்டும் அவள் மறக்காமல் எழுதிய சோதனை, கம்பைலர் கணக்குப்படி பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, 'அங்கே யாருமில்லை, போ' என்று திருப்பி அனுப்பிவிடும்.

"ஆளே இல்லாதப்ப அந்த வீட்டுக்குப் போய் கதவைத் தட்டுது. ஆள் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறப்ப யாருமே இல்லங்குது" என்றாள் சவுண்டு. "சரி, இங்க பரீட்சை பண்ணினப்ப ஏன் தெரியல?"

இருவரும் யோசித்தார்கள். பதிலையும் அவளே கண்டுபிடித்தாள். "இங்க கருவியை மாட்டினவங்ககிட்ட நாம விடாம பேசிக்கிட்டே இருப்போம். கேக்குதா, இப்ப கேக்குதான்னு உயிரை எடுப்போம். இது உச்சிக்கு ஏறணும்னா பக்கத்துல யாருமே பேசாம இருக்கணும். யாராவது பேசினா மறுபடி இறங்கிடும். அப்படிப் பாத்தா எந்த வீட்லயும் இது அபூர்வமாத்தான் நடக்கணும். உன் வீட்ல எப்பப் பாரு நடக்குதுங்கறியே, எப்படி?"

மாப்பிள்ளை மேசைமேல் கிடந்த கருவித் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தான்.

"ஏன் கம்பைலர், உங்க வீட்ல யாரும் அவர்கிட்ட பேச மாட்டீங்களா?"

"பேசுவோமே" என்றான். என்ன பேசுவோம் என்று நினைத்துப் பார்த்தான். சாப்பாடு ரெடி என்று சொல்வதுண்டு. அதையும் இப்போதெல்லாம் சொல்வதில்லை, தட்டை வைத்தால் அவரே வந்துவிடுகிறார். அவனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. முகத்தை மறைக்கக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி வேலை செய்கிற மாதிரி எதையோ தட்டினான்.

வெட்கத்தைவிட வெள்ளிக்கிழமை பெரியது, வேலையில் இறங்கினான். யாருமில்லை என்பதற்குத் தெருவின் கடைசி நம்பரைக் கொடுத்துப் பார்த்தான். அது பெரிய நம்பர். ஒவ்வொரு சீட்டையும் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு கட்டளை கூடியது. புரோகிராம் பருத்துப்போய்க் கடுகளவுச் சிப்புக்குள் நுழையவில்லை. முதலாளி அந்தப் பக்கம் நடந்து போகும்போதெல்லாம் ஒரு கணம் நின்று, பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். குப்புறத் தள்ளிய குதிரை குழியும் பறித்தது என்று அவனுக்குத் தோன்றியது.

பிறகுதான் வழி பிடிபட்டது. பூஜ்யம் யாருமில்லை என்றே இருக்கட்டும். சீட்டில் மட்டும் எல்லா வீட்டுக்கும் ஒன்று கூட்டி எழுதுவோம். பூஜ்யம் நம்பர் வீட்டின் சீட்டில் ஒன்று என்று இருக்கும். வீட்டுக்குப் போகும்போது ஒன்றைக் கழித்துக்கொண்டு போக வேண்டியது. அந்தக் கழித்தலைச் சிப் நடக்கிற நடையிலேயே செய்துவிடும், தனிக் கட்டளை வேண்டாம். யாருமில்லை என்ற சீட்டோடு யாராவது அசட்டுத்தனமாகக் கிளம்பினால் முதல் வீட்டுக்கும் முன்னால், தெருவே இல்லாத இடத்தில் போய் முட்டிக்கொள்வார்கள். சிப் அங்கேயே நின்று, எந்த வரியில் முட்டியது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டிப் பார்த்தான். உடனே முட்டியது. சவுண்டு எழுதிய வரி, கையும் களவுமாக அகப்பட்டது.

"சரி, சரி, என் வரிதான். ஊரைக் கூட்டாதே" என்று அவள் அதைத் திருத்தினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கருவியில் புதுப் புரோகிராமை ஏற்ற வேண்டும். அவன் அலமாரியிடம் கெஞ்சினான். கூடம் மசியவில்லை. அப்போது மனைவி அவனை நகர்த்திவிட்டு அலமாரிக்குள் தலையை நீட்டினாள். கணவனோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை, இருந்தாலும் இது வேறு விஷயம்.

"அப்பா, இவருக்கு நாளைக்கு வேலை போயிடும்ப்பா. அதைச் சரிபண்ணினாத்தான் உண்டு. எனக்காகக் கொடுத்துடுப்பா."

கூடத்திலிருந்து பதில் வரவில்லை. அவர்கள் வந்து பார்த்தபோது மாமனார் கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

புரோகிராமை ஏற்றி, திரும்ப மாட்டிவிட்டு, மாப்பிள்ளை அவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். "ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு" என்றான்.

"எண்ண எனக்கும் தெரியும் மாப்பிள்ளை" என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு. "கணீர்னு கேக்குது. வேற ஏதாவது பேசுங்க."

மாப்பிள்ளை யோசித்தான். என்ன பேசுவதென்று தெரியாமல் சுவரைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். "சாப்பிட்டீங்களா மாமா?" என்றான்.

"சாப்பிட்டேன்."

சோதனை வெற்றி என்று அவன் எழுந்துவிட்டான். மாமனார் இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் கூட்டாளிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மாமனார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நடுவில் இருந்தார். கூட்டாளிகளில் மூத்தவர் ஒரு அம்மாள். வெள்ளை முடி, கறார் முகம். முதலாளியே அவர் எதிரில் கையைக் கட்டிக்கொண்டுதான் பேசினார். அந்த அம்மாள் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "இவருக்கு இப்ப நல்லா கேக்குதா?" என்று கேட்டார்.

"கேக்குதும்மா" என்றார் மாமனார். "என்கிட்டயே கேக்கலாம்."

அந்த அம்மாளின் முகம் சிவந்துவிட்டது. நாற்காலியை மாமனார் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நேருக்கு நேர் பேச்சுதான். மில்லைப் பற்றிக் கேட்டார், ரம்பத்தைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் மாமனார் பட்டுப் பட்டென்று பதில் சொன்னார். அவர் ஒரு தடவை ஓடுகிற ரம்பத்தை வெறும் மரக்கட்டையால் நிறுத்தி ஒருவன் கையைக் காப்பாற்றிய கதை வந்தது. இத்தனை காலமாக ஒரே வீட்டில் இருந்தும் மாப்பிள்ளைக்கு அந்தக் கதை தெரியாது. சுவரோரம் நின்ற சவுண்டு பெருவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"கடைசியா ஒன்னு" என்றார் அம்மாள். "முன்னாடி ஒரு மாதிரி வேலை செஞ்சுது, அப்புறம் மாத்தினாங்கன்னு சொன்னாங்க. உங்களுக்கு எது பிடிச்சிருக்கு? பழசா, புதுசா?"

முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தான். பழசே ஜோராக ஓடியது என்று மனுஷர் சொல்லிவிட்டால் அத்தோடு தீர்ந்தது, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மாமனார் அவசரப்படவில்லை. "பழசுல, என்னைப் பத்திப் பேசினதெல்லாம் கேட்டுச்சு. புதுசுல, என்கிட்ட பேசினாக் கேக்குது."

"அப்ப எது நல்லது?"

"பேசினா புதுசு நல்லதும்மா. பேசலைன்னா பழசே தேவலை." அவர் மாப்பிள்ளை பக்கம் கையைக் காட்டினார். "அது இந்த மெஷின் கையில இல்ல. மாப்பிள்ளை கையில இருக்கு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "பாத்தீங்களா, எல்லாம் நம்ம கம்பைலர் கையிலதான் இருக்காம்" என்று முதலாளி மேசையைத் தட்டினார். கம்பைலரைக் கடையில் வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தவர் அவரில்லை போல இருந்தது. அம்மாள் தலையை அசைத்து, கம்பைலர் இங்கேயே இருக்கட்டும், ஆளும் இருக்கட்டும் என்றார். கைதட்டினார்கள். சவுண்டு எல்லோரையும்விட பலமாகத் தட்டினாள்.

வேலை தப்பியது. மாப்பிள்ளைக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தான், நாக்கு எழவில்லை. மாமனார் மட்டும் கைதட்டாமல், அவன் ஏதாவது சொல்லப்போகிறான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.